குடிநீர், கழிப்பறை, சுகாதாரத்துக்கு ஐந்தாண்டு இலக்கு: இந்தக் குறிகாட்டிகள் தேறுமா?

வாய்க்கால் கேட்டது:

வணக்கம். சுமார் 12,000 வீடுகள் உள்ள ஒரு பகுதிக்குக் குடிநீர், கழிப்பறை, கைகழுவுதல் மூன்றையும் சேர்த்து ஐந்தாண்டுத் திட்டம் தயாராகிறது. பாதிக்கு மேல் வீட்டுக் குழாய் இணைப்பு. மீதிக்கு ஆழ்துளைக் கிணறும் பொதுக்குழாயும். கழிவுநீர்க் குழாய் ஒரு சிறு பகுதியில் மட்டும் உண்டு, மற்ற இடங்களில் குழியோ செப்டிக் டேங்கோதான். இலக்கும் குறிகாட்டியும் எழுதுவது என் பங்கு. வரைவில் 34 குறிகாட்டிகள் சேர்ந்துவிட்டன. முக்கியமானவை இவை:

– பாதுகாப்பான குடிநீர் பெறும் வீடுகள் 100%
– கட்டி முடித்த கழிப்பறைகளின் எண்ணிக்கை
– ஐந்து வயதுக்குட்பட்டோரிடம் வயிற்றுப்போக்கு 50% குறைவு
– கைகழுவும் பயிற்சி பெற்றோர் எண்ணிக்கை
– பரிசோதித்த நீர் மாதிரிகளில் 95% தரமானவை

இவை போதுமா? தொடக்க நிலையை அறிய எத்தனை வீடுகளில் கணக்கெடுக்க வேண்டும்? இலக்கு எண்ணை எதை வைத்து முடிவு செய்வது? வயிற்றுப்போக்கைக் கட்டாயம் சேர்க்கச் சொல்கிறார்கள், அது சரியா?

---

அளவுகோல் எழுதியது:

முதல் வரியிலிருந்தே தொடங்கலாம். "பாதுகாப்பான" என்பதை யார், எங்கே நின்று, எதைப் பார்த்து முடிவு செய்வார்கள் என்று வரைவில் இல்லை. இரண்டு கணக்கெடுப்பாளர்கள் ஒரே வீட்டுக்குப் போய் வெவ்வேறு பதில் எழுதிவரும் அளவுக்கு அந்தச் சொல் தளர்வானது.

இந்தத் தளர்வு உலக அளவிலேயே விளையாடியிருக்கிறது. ஐ.நா.வின் புத்தாயிரம் வளர்ச்சி இலக்குகளில், பாதுகாப்பான குடிநீர் கிடைக்காதோரின் விகிதத்தை 1990-இல் இருந்ததில் பாதியாக 2015-க்குள் குறைக்க வேண்டும் என்று வைத்தார்கள். அளந்தது நீரை அல்ல, நீர் வரும் இடத்தை: குழாய், ஆழ்துளைக் கிணறு, மூடிய கிணறு, மூடிய ஊற்று, மழைநீர் என்றால் "மேம்பட்ட ஆதாரம்". இலக்கு 2010-லேயே எட்டப்பட்டதாக 2012-இல் அறிவிப்பும் வந்தது. ஆனால் மேம்பட்ட ஆதாரம் என்று எண்ணியவற்றில் கணிசமானவற்றின் நீரில் மலக்கிருமி இருந்தது. அதனால்தான் 2015-க்குப் பின் வந்த நிலையான வளர்ச்சி இலக்குகளின் 6.1.1 குறிகாட்டியில் (குடிநீருக்கானது) வரையறையே மாறியது.

உலக சுகாதார அமைப்பும் யுனிசெஃப்பும் சேர்ந்து நடத்தும் ஜே.எம்.பி. கண்காணிப்பில் குடிநீருக்கு ஐந்து படிகள். ஆறு, குளம், வாய்க்காலிலிருந்து நேரே எடுப்பது அடிப்படி. அதற்கு மேல் மேம்படாத ஆதாரம் (திறந்த கிணறு போன்றவை). மூன்றாவது, ஆதாரம் மேம்பட்டதே. ஆனால் போய், வரிசையில் நின்று, திரும்ப 30 நிமிடத்துக்கு மேல் ஆகிறது. 30 நிமிடத்துக்குள் முடிந்தால் "அடிப்படைச் சேவை". உச்சிப்படிக்கு மூன்று நிபந்தனைகள்: ஆதாரம் வீட்டு வளாகத்துக்குள் இருக்க வேண்டும், தேவைப்படும்போது நீர் வர வேண்டும், மலக்கிருமியும் முதன்மையான வேதிப்பொருட்களும் (ஆர்செனிக், ஃபுளோரைடு) வரம்பு மீறக் கூடாது.

இந்த மூன்றையும் தனித்தனியாக எடுத்துச் சராசரி போடுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. உதாரணமாக, வளாகத்துக்குள் 55%, தேவைப்படும்போது 62%, கிருமியில்லாதது 41% என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 53% என்று எழுதினால் தவறு. ஒவ்வொரு வீட்டின் தரவும் சேர்ந்து கிடைக்காத இடங்களில் ஜே.எம்.பி. மூன்றில் மிகக் குறைந்ததை எடுத்துக்கொள்கிறது, அதாவது 41%. அதுவும் மேல்வரம்புதான். நீங்கள் சொந்தமாகக் கணக்கெடுப்பதால், ஒரே வீட்டில் மூன்றும் நிறைவேறியதா என்றே எண்ணுங்கள். விடை 41-ஐவிடக் கீழேதான் வரும். 25-க்குக் கீழே போனாலும் ஆச்சரியமில்லை. அதைத் தொடக்க நிலையாக ஏற்க மேலிடம் தயங்கும். இப்போதே தயங்கட்டும், ஐந்தாவது ஆண்டில் தயங்குவதைவிட மேல்.

34 குறிகாட்டிகளைப் பற்றி: ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கத் தாள் எழுதிப் பாருங்கள். தொகுதியில் (பின்னத்தின் மேல் எண்) என்ன, பகுதியில் (கீழே வகுக்கும் எண்) என்ன, தரவு எங்கிருந்து, யார் எடுப்பார், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை, செலவு என்ன, எண் கெட்டால் யார் என்ன செய்வார். கடைசிக் கேள்விக்குப் பதில் எழுத முடியாதவற்றை எடுத்துவிடுங்கள். பாதிக்கு மேல் தானே உதிரும். "பயிற்சி பெற்றோர் எண்ணிக்கை" முதலில் உதிர வேண்டியது. அது வேலைப் பதிவேட்டில் இருக்கலாம், இலக்கில் வேண்டாம்.

பகுதி எண்ணில் கவனம். "வீடுகள்" என்றால் எல்லா வீடுகளுமா, வரி கட்டும் வீடுகளா, குழாய் இணைப்பு உள்ள வீடுகளா? குடிநீர் வழங்குவோரின் அறிக்கையில் "98% பேருக்கு 24 மணி நேரமும் நீர்" என்று இருந்தால், அது பெரும்பாலும் இணைப்பு உள்ளவர்களில் 98%. பட்டா இல்லாத குடியிருப்பும் வாடகை அறைகளும் அந்தப் பகுதி எண்ணிலேயே இருக்காது. வீடுகளை எண்ணினாலும் ஆட்களின் எண்ணிக்கையால் எடையிட்டு மக்கள் விகிதமாகவும் சொல்லுங்கள். ஆள் கூடிய வீடும் வசதி குறைந்த வீடும் பல நேரம் ஒன்றே.

---

மாதிரிக்குப்பி எழுதியது:

"மாதிரிகளில் 95% தரமானவை" என்பதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இதைவிட எளிதாக ஏமாற்றக்கூடிய குறிகாட்டி கிடையாது. வேண்டுமென்றே ஏமாற்றத் தேவையில்லை, தானாகவே நடந்துவிடும். சுத்திகரிப்பு நிலையத்துக்குப் பக்கத்துக் குழாயில் காலையில் எடுத்த மாதிரி எப்போதும் தேறும். குழாய் முடியும் கடைசித் தெருவில், நீர் நின்று மறுபடி வந்த முதல் பத்து நிமிடத்தில் எடுத்தது தேறாது. விட்டுவிட்டு நீர் விடும் அமைப்பில், நீர் நின்றதும் குழாயில் அழுத்தம் இறங்கும். கசிவு உள்ள இடங்களில் சுற்றியுள்ள சாக்கடை நீரை அது உள்ளே இழுக்கும். ஆகவே எங்கே, எப்போது எடுப்பது என்பதைக் குறிகாட்டியின் வரையறைக்குள்ளேயே எழுத வேண்டும்: எந்தெந்த மண்டலம், அதில் எத்தனை கடைக்கோடிக் குழாய், நீர் விட்ட எத்தனையாவது நிமிடம், மழைக்காலத்தில் எத்தனை மாதிரி.

"தரமானவை" என்பதையும் உடைத்துப் போடுங்கள். கிருமியும் வேதிப்பொருளும் ஒரே கூடையில் வேண்டாம். ஆர்செனிக், ஃபுளோரைடு ஆகியவை நிலத்தடியிலிருந்து வருபவை, மெதுவாக மாறுபவை; ஒவ்வொரு ஆதாரத்தையும் ஆண்டுக்கு ஒருமுறை பார்த்தால் பொதுவாகப் போதும். உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டு அளவு ஆர்செனிக்குக்கு லிட்டருக்கு 0.01 மி.கி., ஃபுளோரைடுக்கு 1.5 மி.கி., நைட்ரேட்டுக்கு 50 மி.கி. கிருமி அப்படியில்லை, காலையில் இல்லாதது மாலையில் இருக்கும். நூறு மாதிரியில் எண்பது ஃபுளோரைடுக்கும் இருபது கிருமிக்கும் என்றிருந்தால், கிருமிச் சோதனையில் கால்வாசி தோற்றாலும் மொத்தத்தில் 95% தேறிவிடும்.

கிருமிக்கு அளக்க வேண்டியது ஈ.கோலை, அதாவது மலம் கலந்ததைக் காட்டும் பாக்டீரியா. 100 மி.லி. மாதிரியில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. வெறும் தேறியது, தோற்றது என்று எழுதாமல் 1-க்குக் குறைவு, 1–10, 11–100, 100-க்கு மேல் என்று நான்கு வகையாகப் பதியுங்கள். 300-லிருந்து 8-க்கு இறங்கிய கிணறு தேறவில்லைதான், ஆனாலும் அது முன்னேற்றம். இரண்டே வகையாகப் பதிந்தால் அது கண்ணில் படாது.

செய்முறையில் கெடும் இடங்கள்: குளோரின் கலந்த நீரை எடுக்கும் குப்பியில் சோடியம் தயோசல்ஃபேட் இல்லையென்றால், ஆய்வகம் போய்ச் சேரும்வரை குளோரின் உள்ளேயே கிருமியைக் கொன்றுகொண்டிருக்கும், முடிவு பொய்யாக நல்லதாக வரும். மாதிரியை இருட்டில், குளிர்ச்சியாக, கூடுமானால் 6 மணி நேரத்துக்குள், எப்படியும் 24 மணி நேரத்துக்குள் கொண்டுசேர்க்க வேண்டும். ஒவ்வொரு நாளும் ஒரு வெற்றுச் சோதனை, அதாவது கிருமி நீக்கிய நீரை அதே வடிகட்டி, அதே கைகளால் சோதிப்பது. அதில் புள்ளி தோன்றினால் அன்றைய முடிவு மொத்தமும் சந்தேகத்துக்குரியது. இதைத்தான் எல்லோரும் முதலில் வெட்டுவார்கள். வெட்ட விடாதீர்கள்.

ஈ.கோலை முடிவு வர ஒரு நாள் ஆகும், செலவும் உண்டு. அன்றாடத்துக்கு எஞ்சிய குளோரின் அளவே போதும். டி.பி.டி. மாத்திரை அல்லது பொடி, நிறம் பார்க்கும் கருவி, இரண்டு நிமிட வேலை. கலங்கல் குறைவான நீரில், அமில காரத்தன்மை 8-க்குக் கீழே இருக்க, 30 நிமிடத் தொடர்புக்குப் பிறகு லிட்டருக்கு 0.5 மி.கி. குளோரின் எஞ்ச வேண்டும். வீட்டுக் குழாயில் குறைந்தது 0.2. கலங்கல் 1 என்.டி.யூ.வுக்குள் (கலங்கலை அளக்கும் அலகு) இருப்பது நல்லது. நீர் கலங்கலாக இருந்தால் குளோரினை அந்த மண்ணே தின்றுவிடும். "மாதத்தில் சோதித்த கடைக்கோடிக் குழாய்களில் 0.2-க்குக் குறையாதவை எத்தனை விழுக்காடு" என்பது மலிவான, நேர்மையான குறிகாட்டி. ஒரு குறையும் உண்டு: கிரிப்டோஸ்போரிடியம் போன்ற ஒட்டுண்ணிகளைக் குளோரின் அசைக்காது. மேற்பரப்பு நீரை எடுக்கும் நிலையமென்றால் வடிகட்டியின் செயல்திறனுக்குத் தனி இலக்கு வேண்டும்.

இன்னொன்று, நீரைக் குழாயடியில் மட்டும் சோதிப்பது. கணக்கெடுப்பில் "இந்த வீட்டில் வழக்கமாகக் குடிக்கும் தண்ணீரில் ஒரு டம்ளர் கொடுங்கள்" என்று கேட்டு, அதிலும் ஒரு மாதிரி எடுங்கள். குழாயில் சுத்தம், டம்ளரில் கிருமி என்றால் குற்றம் குடத்திலும் முகக்கும் கையிலும். குழாயை மாற்றிப் பயனில்லை. இரண்டையும் தனித்தனிக் குறிகாட்டியாக வையுங்கள். வீட்டு மாதிரியின் தோல்வியை நீர் வழங்குவோர் தலையில் கட்டினால், அடுத்த ஆண்டு அந்தச் சோதனையே நின்றுவிடும்.

எண்ணிக்கைக்கு ஒரு கைக்கணக்கு: அத்தனையும் தேறினாலும், உண்மையான தோல்வி விகிதம் 3-ஐ மாதிரி எண்ணிக்கையால் வகுத்த அளவு வரை இருக்கலாம். 20 மாதிரியும் தேறியது என்றால் 15% வரை தோல்வி ஒளிந்திருக்க இடமுண்டு. "95% தேறுகிறது" என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்ல, மண்டலத்துக்கு ஏறத்தாழ 60 மாதிரிகள், ஒன்றுகூடத் தோற்காமல் வேண்டும்.

---

உறைகிணறு எழுதியது:

கழிப்பறைக்கு வருகிறேன். கட்டியதை எண்ணாதீர்கள் என்று எல்லோரும் சொல்வார்கள், அது சரி. அதன் இடத்தில் எதை எண்ணுவது என்பதில்தான் திணறல்.

படி இங்கேயும் உண்டு: திறந்தவெளி, மேம்படாதது (மேடைத்தளம் இல்லாத குழி, வாளி, நேரே நீர்நிலைக்கு மேல் கட்டியது), மேம்பட்டது ஆனால் வேறு குடும்பத்தோடு பகிர்வது, மேம்பட்டது பகிராதது. உச்சிப்படிக்கு மலம் எங்கே போய் முடிகிறது என்பது தெரிய வேண்டும்: அங்கேயே குழியில் பத்திரமாக அடங்கியதா, லாரியில் ஏற்றிப் போய்ச் சுத்திகரித்ததா, குழாய் வழியாக நிலையம் சேர்ந்து சுத்திகரித்ததா.

உங்கள் பகுதியில் பெரும்பாலும் குழியும் டேங்கும் என்பதால், மொத்தக் கதையும் இங்கேதான். கேள்வித்தாளில் ஐந்து கேள்விகள் போதும். வீட்டில் எல்லோரும், குழந்தைகளும் முதியவர்களும் உட்பட, இதைத்தான் எப்போதும் பயன்படுத்துகிறார்களா? வேறு குடும்பத்தோடு பகிர்வா? டேங்கிலிருந்து வெளியேறும் நீர் எங்கே போகிறது: உறிஞ்சுகுழிக்கா, தெருச் சாக்கடைக்கா? எப்போதாவது காலி செய்ததுண்டா? கடைசியாகக் காலி செய்தவர் அதை எங்கே கொண்டுபோனார்? கடைசிக் கேள்விக்கு "தெரியாது" என்ற பதில்தான் அதிகம் வரும். அதைப் பத்திரம் என்ற கணக்கில் சேர்த்துவிடாதீர்கள்.

மூன்றாவது கேள்வியை வாய்ச்சொல்லில் விடாமல், வெளியேறும் குழாயைப் பார்க்கச் சொல்லுங்கள். "செப்டிக் டேங்க்" என்று பெயர் சொல்லிவிட்டு, அடித்தளமில்லாத ஒற்றை அறையிலிருந்து நேரே சாக்கடைக்குக் குழாய் போட்டிருப்பது வெகு சாதாரணம். வீட்டுக்காரர் பொய் சொல்லவில்லை, கொத்தனார் அப்படித்தான் சொல்லிக் கட்டியிருப்பார்.

பிறகு ஒரு குறுக்குச் சரிபார்ப்பு, இதற்குக் கணக்கெடுப்பே வேண்டாம். 3,000 டேங்குகள் உள்ளன, ஐந்தாண்டுக்கு ஒருமுறை காலி செய்ய வேண்டும் என்றால் ஆண்டுக்கு 600. ஒரு டேங்குக்கு ஒரு லாரி நடை என்று கொண்டால் 600 நடை நிலையத்துக்கு வர வேண்டும். நிலையப் பதிவேட்டில் 150 என்றிருந்தால், மிச்சம் 450-இல் சில காலி செய்யப்படாதவை, சில ஓடையிலோ வயலிலோ போனவை. "நிலையத்தில் பதிவான நடை ÷ எதிர்பார்க்கும் நடை" என்பதையே குறிகாட்டியாக வைத்துவிடலாம். மாதாமாதம் கிடைக்கும், செலவில்லை. லாரிக்காரரிடம் நிலையத்தில் கட்டணம் வாங்கினால் அடுத்த மாதமே இந்த எண் சரியும், இது எச்சரிக்கை.

பள்ளியும் மருத்துவமனையும் உங்கள் வரைவில் காணோம். பள்ளியில் கழிப்பறை இருக்கிறதா என்பது பத்தாது. மேம்பட்டது, ஆண் பெண் தனித்தனி, பார்க்கப் போன அன்று பயன்படுத்தும் நிலையில் உள்ளது, மூன்றும் வேண்டும். பூட்டியிருந்தால் இல்லை என்றே கணக்கு. மருத்துவமனையில் கைகழுவும் வசதி, நோயாளியைத் தொடும் இடத்திலும் கழிப்பறையிலிருந்து 5 மீட்டருக்குள்ளும், இரண்டு இடத்திலும் இருக்க வேண்டும்.

---

வாய்க்கால் எழுதியது:

மிக்க நன்றி. 34-ஐ 15 ஆக்கிவிட்டேன். வயிற்றுப்போக்கு மட்டும் நிற்கிறது. "நோய் குறையாவிட்டால் இத்தனை செலவு எதற்கு" என்று கேட்கிறார்கள், எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஆழ்துளைக் கிணறுகளுக்குச் சுற்றுப்புறச் சோதனைப் பட்டியல் (கிணற்றைச் சுற்றி நீர் கெடக்கூடிய குறைகள் உண்டா என்ற கேள்விகள்) வைத்து, பத்துக் கேள்வியில் எத்தனை "ஆம்" என்று கூட்டி, அதன் சராசரியைக் குறிகாட்டியாக வைக்கலாமா?

---

பதிவேடு எழுதியது:

நோய் குறைவதுதான் நோக்கம், அதில் சந்தேகமில்லை. நோக்கம் என்று முகவுரையில் எழுதுங்கள். ஆனால் ஐந்தாண்டுத் திட்டத்தின் வெற்றி தோல்வியை இந்த எண்ணில் கட்டிவைத்தால், நல்ல வேலை தோற்றதாகவும் மோசமான வேலை வென்றதாகவும் தெரியும். ஏன் என்பதை விரிவாகவே சொல்கிறேன், மேலிடத்துக்குக் காட்டத் தேவைப்படும்.

கணக்கெடுப்பில் கேட்கும் கேள்வி இது: "கடந்த இரண்டு வாரத்தில் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு இருந்ததா?" வயிற்றுப்போக்கு என்றால் 24 மணி நேரத்தில் மூன்று முறை அல்லது அதற்கு மேல் நீர்போல் போவது. பத்து நாளுக்கு முன் லேசாகப் போனதை யாரும் நினைவில் வைப்பதில்லை. கேட்கும் காலத்தை ஏழு நாளாகச் சுருக்கினால் நினைவு துல்லியமாகும், ஆனால் எண்ணிக்கை குறைவதால் இன்னும் அதிகக் குழந்தைகளைக் கேட்க வேண்டிவரும். திட்டத்தால் பயன் பெற்றவர், பயன் தந்தவரின் ஆளிடம் "இல்லை" என்று சொல்ல விரும்புவதும் இயல்பு. தொடக்கக் கணக்கெடுப்பு மழையிலும் இறுதிக் கணக்கெடுப்பு கோடையிலும் நடந்தால், எதுவுமே செய்யாமல் எண் பாதியாகலாம்.

அடுத்தது அளவு. 10% குழந்தைகளுக்கு இருந்தது 8% ஆகக் குறைந்ததை நம்பகமாகக் காட்ட, ஒவ்வொரு சுற்றிலும் சுமார் 3,200 குழந்தைகள் வேண்டும். வீடுகளைத் தனித்தனியே அல்லாமல் தெருத்தெருவாகக் கொத்தாகத் தேர்ந்தெடுத்தால் அதை இரண்டால் பெருக்குங்கள். 12,000 வீட்டில் அத்தனை ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் இருப்பார்களா என்பதே கேள்வி.

மருத்துவமனைப் பதிவேட்டை எடுக்கலாமே என்பார்கள். பதிவு முறை சீரானாலும் மருத்துவமனை அருகில் வந்தாலும் அங்கே எண்ணிக்கை ஏறும். வேலை நன்றாக நடக்கும் ஆண்டில் நோய் கூடியதுபோல் தெரியும்.

எல்லாவற்றுக்கும் மேல், நோய்க்கு நீர் ஒரு வழி மட்டுமே. 2018–19-இல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகள், பங்களாதேஷிலும் கென்யாவிலும் நடந்த வாஷ் பெனிஃபிட்ஸ், ஜிம்பாப்வேயில் நடந்த ஷைன், இதைக் கண்டிப்பான முறையில் சோதித்தன. நீருக்குக் குளோரின், மேம்பட்ட கழிப்பறை, கைகழுவுதல் எல்லாம் சேர்த்துக் கொடுத்தும் குழந்தைகளின் உயரம் கூடவில்லை. வயிற்றுப்போக்கு பங்களாதேஷில் குறைந்தது, கென்யாவிலும் ஜிம்பாப்வேயிலும் குறையவில்லை. வீட்டளவில் செய்யும் எளிய ஏற்பாடு கிருமிச் சுமையைப் போதிய அளவு குறைக்கவில்லை என்பது பலரும் தரும் விளக்கம். அத்தனை நிதியும் கண்காணிப்பும் இருந்த ஆய்விலேயே இப்படியென்றால், ஒரு பகுதித் திட்டம் 50% என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது சூதாட்டம்.

மேலிடத்துக்குச் சொல்ல ஒரு வழி இருக்கிறது. நோயோடு தொடர்புடையதாகவும் திட்டத்தின் கையில் உள்ளதாகவும் ஒரு குறிகாட்டி வையுங்கள்: நீர்வழி நோய்ப் பரவல் என்ற சந்தேகம் பதிவான நேரத்துக்கும், நீர் மாதிரி எடுத்த நேரத்துக்கும் இடையே எத்தனை மணி. 48 மணி நேரத்துக்குள் மாதிரி எடுத்தவை இத்தனை விழுக்காடு என்று இலக்கு வைக்கலாம். ஐரோப்பிய வட்டாரத்தின் நீர், சுகாதார நெறிமுறையிலும் (1999-இல் லண்டனில் ஏற்றது, 2005-இல் நடைமுறைக்கு வந்தது) நோய்ப் பரவல்களைக் குறைப்பது இலக்கு வைக்க வேண்டிய தலைப்புகளில் ஒன்று. அதில் சேரும் நாடு இரண்டு ஆண்டுக்குள் தன் இலக்குகளையும் அவற்றுக்கான காலக்கெடுவையும் வெளியிட வேண்டும், மூன்று ஆண்டுக்கு ஒருமுறை முன்னேற்றத்தைத் தெரிவிக்க வேண்டும். எல்லா நாட்டுக்கும் ஒரே எண்ணை அது திணிக்கவில்லை. தன் நிலைக்கு ஏற்ப நாடே வைத்துக்கொள்ளலாம், ஆனால் வைத்ததை வெளியே சொல்ல வேண்டும். அந்த அமைப்பைப் பகுதி அளவிலும் கடன் வாங்கலாம்.

---

மாதிரிக்குப்பி எழுதியது:

சுற்றுப்புறச் சோதனைப் பட்டியலின் மதிப்பெண் சராசரி வேண்டாம். பத்து மீட்டருக்குள் குழிக்கழிப்பறை இருப்பதும், வேலி இல்லாததும் பட்டியலில் தலா ஒரு மதிப்பெண்தான், ஆபத்து ஒன்றா? மதிப்பெண் 4 உள்ள கிணறு, 7 உள்ள கிணற்றைவிட மோசமாக இருக்கலாம். மதிப்பெண்ணும் ஈ.கோலை அளவும் பல இடங்களில் ஒத்துப்போவதும் இல்லை.

---

உறைகிணறு எழுதியது:

மதிப்பெண் ஒத்துப்போகாதது பட்டியலின் குற்றமில்லையே. ஈ.கோலை அன்றைய நிலவரம், பட்டியல் நாளை நடக்கக்கூடியது. சராசரி வேண்டாம் என்பதை ஏற்கிறேன். "கண்டுபிடித்த குறைகளில் 30 நாளுக்குள் சரிசெய்தவை" என்று மாற்றினால் பட்டியலுக்கு உயிர் வரும்: உடைந்த மேடை, தேங்கும் கழிவுநீர், தளர்ந்த பம்ப் அடித்தளம் எல்லாம் ஒரு மூட்டை சிமென்ட்டில் தீர்பவை.

---

அளவுகோல் எழுதியது:

இரண்டு கேள்விகள் மிச்சம்: எத்தனை வீடு, எந்த எண்.

ஒரு விகிதத்தை ±5 புள்ளிக்குள் அறிய, சீட்டுக்குலுக்கல் முறையில் 385 வீடுகள். ஆனால் தொடக்கத்துக்கும் இறுதிக்கும் இடையே உள்ள வேறுபாட்டைக் காட்டுவதுதானே தேவை? 50-லிருந்து 60-க்கு ஏறியதைக் காட்ட ஒவ்வொரு சுற்றிலும் அதே 385 அளவு போதும். 50-லிருந்து 55 என்றால் 1,560. பாதி முன்னேற்றத்தைப் பார்க்க நான்கு மடங்கு வீடு. அதனால் ஆண்டுதோறும் கணக்கெடுத்து 3 புள்ளி 4 புள்ளி ஏறியது என்று அறிக்கை எழுதுவது வெறும் இரைச்சல். தொடக்கம், இடை, இறுதி என மூன்று போதும்; இடையில் குளோரின் பதிவும் லாரிப் பதிவும் ஓடட்டும்.

தெருத்தெருவாகக் கொத்தாக எடுத்தால் எண்ணிக்கையைப் பெருக்க வேண்டும். வழக்கமாக இரண்டால் பெருக்குவார்கள். கழிப்பறைக்கு அது சரிப்படலாம், நீருக்குச் சரிப்படாது. ஒரே குழாயில் குடிக்கும் இருபது வீட்டில் இருபது மாதிரி எடுத்தாலும் தெரியவருவது ஏறத்தாழ ஒரு குழாயின் கதைதான். பெருக்க வேண்டிய எண்ணுக்குச் சூத்திரம் 1 + (கொத்தில் வீடு − 1) × உள்ளொற்றுமை (ஒரே கொத்து வீடுகள் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்ற அளவு). உள்ளொற்றுமை 0.05 என்றால் 20 வீட்டுக் கொத்துக்கு 1.95. நீரில் அது 0.3 வரை போனால் 6.7. கொத்தை 8 வீடாகச் சுருக்கினால் 3.1. ஆகவே அதிகக் கொத்து, கொத்தில் குறைவான வீடு. வண்டிச் செலவு கூடும், அது தவிர்க்க முடியாதது.

இலக்கு எண்ணுக்கு 100% என்று எழுதிவிட்டு நகராதீர்கள், கீழிருந்து கணக்கிடுங்கள். கழிப்பறை இப்போது 60%, அதாவது 7,200 வீடு. ஐந்தாண்டில் 90% என்று வைப்போம். 30 புள்ளி, 3,600 வீடு என்று தோன்றும். வீடுகள் ஆண்டுக்கு 2% பெருகினால் 12,000 என்பது 13,250-ஐத் தொடும். அதில் 90% என்பது சுமார் 11,920. இருப்பவற்றில் ஆண்டுக்கு 3% இடிந்தோ நிரம்பியோ கைவிடப்பட்டால் 7,200-இல் 6,180 தான் மிஞ்சும். வித்தியாசம் 5,740, ஆண்டுக்கு 1,150. நிதியும் கொத்தனாரும் ஆண்டுக்கு 700-க்குத்தான் போதும் என்றால் 90% என்பது கனவு. ஒன்று இலக்கைக் குறைக்க வேண்டும், அல்லது அந்த 3%-ஐக் குறைக்கப் பணம் ஒதுக்க வேண்டும். இரண்டாவது பெரும்பாலும் மலிவு.

மொத்தச் சராசரிக்கு மட்டும் இலக்கு வைத்தால், எளிதில் போய்ச்சேரும் வீடுகளில் வேலை நடந்து எண் ஏறிவிடும். வசதியில் கடைசி ஐந்தில் ஒரு பங்குக்குத் தனி எண் வையுங்கள். அதற்குத் தனியே வீடு கூட்டி எடுக்க வேண்டும்: மொத்தம் 800 வீடு கேட்டால் கடைசிப் பங்கில் 160 தான் விழும், அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

---

வாய்க்கால் எழுதியது:

திருத்திய பட்டியல் (முதல் ஒன்பது):

1. மூன்று நிபந்தனையும் ஒரே வீட்டில் நிறைவேறிய மக்கள் விகிதம். கடைசி ஐந்தில் ஒரு பங்குக்குத் தனியே
2. கடைக்கோடிக் குழாய்களில் குளோரின் 0.2-க்குக் குறையாத மாதிரிகள், மண்டலவாரியாக, மாதந்தோறும்
3. டம்ளர் நீரில் ஈ.கோலை, நான்கு வகையாக
4. எல்லோரும் எப்போதும் பயன்படுத்தும், பகிராத கழிப்பறை
5. பதிவான லாரி நடை ÷ எதிர்பார்க்கும் நடை
6. கிணற்றுக் குறைகளில் 30 நாளில் சரிசெய்தவை
7. கைகழுவுகிறோம் என்று சொன்ன வீடுகள்
8. பார்க்கப் போன அன்று இயங்கிய பள்ளிக் கழிப்பறைகள்
9. பரவல் சந்தேகத்திலிருந்து மாதிரி எடுக்கும்வரை ஆன நேரம்

தொடக்கக் கணக்கெடுப்பு அடுத்த மாதம், மழைக்கு முன் தொடங்குகிறது.

---

பதிவேடு எழுதியது:

ஏழாவதை மாற்றுங்கள். "கழுவுகிறோம்" என்று எல்லோரும் சொல்வார்கள். "எங்கே கை கழுவுவீர்கள், காட்டுங்கள்" என்று கேட்டு, அந்த இடத்தில் தண்ணீரும் சோப்பும் அப்போது இருந்ததா என்று கணக்கெடுப்பாளர் கண்ணால் பார்த்துப் பதிய வேண்டும். சோப்புத்தூள், சோப்புக் கரைசல் சேரும். சாம்பல், மண் சேராது, அவற்றை ஒருபடி கீழே பதியுங்கள். உள்ளே சோப்பு இருக்கிறது, எடுத்துவரவா என்றால் அதையும் தனிக்கட்டத்தில் குறியுங்கள், இல்லையேல் ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள்.

ஐந்தாவதில் "எதிர்பார்க்கும் நடை" எந்த ஆண்டின் டேங்க் எண்ணிக்கையில் என்று எழுதியாக வேண்டும். டேங்க் கூடிக்கொண்டே போகும்போது பழைய எண்ணால் வகுத்தால் ஐந்தாவது ஆண்டில் 100-ஐத் தாண்டிவிடும்.

மழைக்கு முன் எடுப்பது தவறில்லை. இறுதிக் கணக்கெடுப்பும் அதே மாதம்தான் என்று இப்போதே தாளில் எழுதிவிடுங்கள். அதோடு தொடக்கச் சுற்றின் கொத்துகளில் கால்வாசிக்காவது மழைக்காலத்தில் மறுபடி போய் டம்ளர் நீர் எடுங்கள். குழாயில் சாக்கடை கலப்பது அப்போதுதான் தெரியும்.